ஃபால்ஸ் இண்டிகோ என்பது நம் ஊர் அவுரிதானே? வீட்டில் வைத்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி, 14 மார்ச் 2021

அண்ணா, நாங்கள் அமெரிக்காவில், வட கரோலினா மாரிஸ்வில்லில் புது வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. நேற்று நர்சரியில் ‘ஃபால்ஸ் இண்டிகோ’ என்று ஒரு தொட்டி வாங்கினேன். பல்லாண்டுச் செடி, நீலப் பூ, மான் தின்னாது என்று சீட்டில் போட்டிருந்தது. இண்டிகோ என்றால் அவுரிதானே? அம்மா தலைக்கு அவுரிப் பொடி போடுவார், இங்கே கடையில் வாங்கினால் விலை அதிகம். இலையைப் பறித்துக் காயவைத்து அரைத்தால் போதும் என்கிறார். வீட்டுக்குப் பின்னால் பைன் மர நிழலில் வைத்துவிட்டேன். இந்தக் கோடையிலேயே பூக்குமா?

14 மார்ச் 2021

அவுரி இல்லை. தலைக்குப் போடாதீர்கள். நிழலில் வைக்காதீர்கள். இந்தக் கோடையில் பூக்காது.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன், குழந்தைக்குக் கணக்குப் பாடம் நடக்கிறது.

15 மார்ச் 2021

நேற்று நாலே வரியில் வெட்டிவிட்டுப் போனதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம் தம்பி. நானும் இதே ‘இண்டிகோ’ என்ற சொல்லில் ஏமாந்தவன்தான்.

உங்கள் பக்கத்து ஊர் கேரியில் 2013இல் வீடு வாங்கினோம். முன்பக்கம் வைத்த ரோஜா, செம்பருத்தி, ஹோஸ்டா எல்லாவற்றையும் மான் மொட்டையடித்தது. மான் தொடாத செடி எது என்று தேடப்போய்த்தான் பாப்டீசியா, அதாவது உங்கள் ‘ஃபால்ஸ் இண்டிகோ’, அகப்பட்டது. முழுப்பெயர் பாப்டீசியா ஆஸ்ட்ராலிஸ். ஆஸ்ட்ராலிஸ் என்றால் ஆஸ்திரேலியா இல்லை, லத்தீனில் ‘தெற்கத்தி’ என்று பொருள். அமெரிக்காவின் கிழக்கிலும் நடுப்பகுதியிலும் தானாக வளர்கிற செடி. 2014 வசந்தத்தில் விதை போட்டேன். 2017 மே மாதம் முதல் பூ வந்தது, மொத்தமே இரண்டு கதிர். நர்சரியில் வாங்கிய ஒரு காலன் தொட்டிச் செடிக்கும் இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டியிருக்கும். முதலில் கீழே வேரை இறக்கிக்கொள்ளும், அப்புறம்தான் மேலே உங்களைக் கவனிக்கும்.

அவுரியோடு என்ன உறவு என்றால், இரண்டும் பயறுக் குடும்பம், அவ்வளவுதான். இலையைப் பாருங்கள். அவுரியில் ஒரு காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக நிற்கும், கொழுஞ்சி மாதிரி. இதில் மூன்று மூன்றாக இருக்கும், சாம்பல் கலந்த நீலப்பச்சை. அவுரிப் பூ சின்னது, வெளிர் சிவப்பு. இதன் பூ பெரியது, நல்ல நீலம். பூவைப் பார்த்தால் இதுதான் அசல் மாதிரியும் அவுரி பொய் மாதிரியும் தெரியும். அவுரியின் நீலம் இலையில் இருக்கிறது. அதில் இண்டிகன் என்ற பொருள் உண்டு, ஊறவைத்தால் பிரியும், காற்றுப் பட்டால் நீலமாகும். பாப்டீசியாவில் சாயமே கிடையாது.

இடம்: குறைந்தது ஆறு மணி நேர வெயில். நட்டு இரண்டு நாள்தானே ஆகிறது, இன்றே தோண்டி வெயிலில் வையுங்கள். ஒரு வருடம் போய்விட்டால் அதன் ஆணிவேர் உங்களை அசைக்க விடாது. ஒருமுறை வைத்த இடம்தான் அதற்கு ஆயுசுக்கும் இடம். யாரும் இதை இடம் மாற்றிப் பிழைக்கவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

15 மார்ச் 2021, இரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். சாயமே கிடையாது என்றது தவறு. கொஞ்சம் உண்டு. பாப்டீசியா என்ற பெயரே கிரேக்கத்தில் ‘தோய்ப்பது’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்கள் இதிலிருந்து நீலம் எடுத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இதன் உறவான, மஞ்சள் பூப் பூக்கும் பாப்டீசியா டிங்டோரியாவில் முயன்று பார்த்தார்கள். அசல் அவுரிக்குப் பதிலாக வைத்துக்கொண்டதால்தான் ‘பொய் அவுரி’ என்று பெயர். பக்கத்துத் தென் கரோலினாவில் 1740களில் எலைசா லூக்கஸ் என்ற இளம்பெண் ஆன்டிகுவா தீவிலிருந்து அப்பா அனுப்பிய விதையில் அசல் அவுரியைப் பயிராக்கிக் காட்டினார். பயிராக்கினார் என்றால் அவர் களை பறித்தார் என்று அர்த்தம் இல்லை, தோட்டத்தில் உழைத்ததெல்லாம் அடிமைகள். அந்த அவுரி வந்தபிறகு பொய் அவுரியை யாரும் சீந்தவில்லை.

3 ஏப்ரல் 2021

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். வெயிலுக்கு மாற்றிவிட்டார், நல்லது. ஆனால் குழியில் ஒரு மூட்டை எருவைக் கொட்டி, மேலே உரமும் போட்டிருக்கிறார். தேவையே இல்லை. கொழுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு எல்லாம் எதற்காக வயலில் மடக்கி உழுகிறோமோ அதே சங்கதி இதன் வேரிலும் உண்டு. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா வேர்முடிச்சில் குடியிருக்கிறது. நம் பகுதிச் செங்களிமண்ணிலேயே வளரும், தண்ணீர் தேங்காமல் இருந்தால் சரி. நான் ஒரு வருடம் பாசம் பொங்கி உரம் வைத்தேன். ஐந்தடி வளர்ந்து, முதல் மழைக்கே நடுவில் பிளந்து நாலு பக்கமும் படுத்துக்கொண்டது.

என் செடியில் குருத்து வந்துவிட்டது. விரல் தடிமன், ஊதாவும் பச்சையும் கலந்து, அப்படியே ஆஸ்பரகஸ் மாதிரி மண்ணைப் பிளந்துகொண்டு வரும். காலையில் பார்த்ததற்கும் மாலையில் பார்ப்பதற்கும் வித்தியாசம் தெரிகிற வேகம். அழகாக இருக்கிறதே என்று பொரியலுக்கு வெட்டிவிடாதீர்கள். சைட்டிசின் போன்ற ஆல்கலாய்டுகள் இதில் உண்டு, வாந்தியெடுக்க வைக்கும். மான் தொடாததற்கும் அதுதான் காரணம். அம்மாவிடமும் சொல்லிவையுங்கள், நம் அம்மாக்களுக்கு எந்தக் குருத்தைப் பார்த்தாலும் பருப்பு போட்டுக் கூட்டு வைக்கத் தோன்றும்.

6 மே 2021

பூத்திருக்கிறது. முப்பத்திரண்டு கதிர் எண்ணினேன், அப்புறம் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

காலை ஏழரை மணிக்குக் காப்பியோடு போய் உட்கார்ந்தால் பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீ வந்துவிடும். பள்ளிக்கூடத்துத் தாவரவியலில் பயறுப் பூவின் இதழ்களைக் கொடியல்லி (மேலே), சிறகல்லி (இரு பக்கம்), படகல்லி (கீழே) என்று மனப்பாடம் செய்தோமே, அதை இங்கே நேரில் பார்க்கலாம். தேனீ சிறகல்லி மேல் இறங்கிக் காலை ஊன்றும். அதன் கனத்தில் படகல்லி கீழே இறங்கும். உள்ளே ஒளிந்திருக்கும் மகரந்தம் அதன் வயிற்றில் ஒட்டும். கிளம்பிப் போனதும் படகு மறுபடி மூடிக்கொள்ளும். சின்னத் தேனீ வந்து முட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதையும் பார்த்தேன், கதவைத் திறக்கிற எடை அதற்கு இல்லை.

பூ மூன்று வாரம்கூட நிற்காது. அவ்வளவுதானா என்று கேட்பவர்கள் பெட்டூனியா வாங்கிக்கொள்ளுங்கள்.

20 ஜூன் 2021

யாரோ தனியாகக் கேட்டார்கள்: “சாயம் கொஞ்சம் உண்டு என்றீர்களே, முயன்று பார்த்தீர்களா?” பார்த்தேன். மானம் போயிற்று.

பூ முடிந்ததும் செடியை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்தேன் (இப்படிச் செய்தால் செடி சாயாமல் நிற்கும், ஆனால் காய் கிடைக்காது). வெட்டிய தழை வீணாகிறதே என்று ஒரு பக்கெட்டில் அமுக்கித் தண்ணீர் ஊற்றி, மேலே கல் வைத்தேன். இரண்டாம் நாள் நாற்றம் தெருவுக்கு வந்துவிட்டது. செத்த எலி என்று நினைத்து மனைவி கராஜைக் கழுவினாள். தழையை எடுத்துப்போட்டுவிட்டு, தண்ணீரில் இந்தியக் கடை வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டு, குச்சியால் முக்கால் மணி நேரம் அடித்தேன். நுரை ஒரு கணம் நீலமாக மின்னிய மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மின்னியது. பழைய வேட்டித் துண்டை முக்கி எடுத்துக் காயப்போட்டால் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரு நிறம். அடுப்பு துடைத்த கரித்துணிக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

“இதுக்கா நாலு வருஷம் காத்திருந்தீங்க?” என்று ஒரே கேள்விதான் கேட்டாள்.

14 ஆகஸ்ட் 2021

அவசரம். வைத்திருப்பவர்கள் எல்லாரும் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சு மஞ்சளில், உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் புள்ளியோடு புழுக்கள். வெள்ளிக்கிழமை நாலைந்து பார்த்தேன், திங்கள்கிழமை கிளையெல்லாம் குச்சி. ஜெனிஸ்டா புழு என்கிறார்கள், ஒரு சின்ன பழுப்பு அந்துப்பூச்சியின் குட்டிகள். மானுக்கு ஆகாத அந்த ஆல்கலாய்டை இது தின்று தன் உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்கிறது. அதனால் குருவியும் தொடாது. அந்தப் பளிச்சென்ற நிறமே ‘என்னைத் தின்னாதே’ என்கிற பலகைதான். ‘பி.டி.’ என்கிற பாக்டீரியா மருந்து அடித்துவிடுங்கள், புழுவை மட்டும் கொல்லும்.

17 ஆகஸ்ட் 2021

மேலே மருந்து அடிக்கச் சொன்னது அவசரப் புத்தி. நானும் அடிக்கவில்லை, அடிப்பதற்குள் நல்லவேளையாக இன்னொன்றைப் பார்த்தேன். கீழ்க்கிளையில் சில இலைகள் நூலால் தைத்த மாதிரி மடிந்திருந்தன. பிரித்தால் உள்ளே வெளிர்பச்சைப் புழு, கறுத்த தலை. இது வைல்ட் இண்டிகோ டஸ்கிவிங் என்ற பழுப்பு வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. பெயரிலேயே செடி இருக்கிறது, இந்தச் செடியை நம்பியே வாழ்ந்த பூச்சி. பிற்பாடு நெடுஞ்சாலை ஓரங்களில் மண்ணரிப்புக்காக நட்ட கிரவுன் வெட்ச் கொடியையும் தின்னப் பழகிக்கொண்டு, ஊர் ஊராகப் பரவிவிட்டது. ‘பி.டி.’ மருந்து இது நல்ல புழு, அது கெட்ட புழு என்று பார்க்காது, இரண்டையும் கொன்றுவிடும்.

ஆகவே சோப்புத் தண்ணீர் டப்பா, ஒரு கையுறை, அரை மணி நேரம். ஆரஞ்சை மட்டும் பொறுக்கினேன். செடி ஏற்கெனவே மொட்டைதான், ஆனால் சாகாது. வேர் அப்படி.

21 நவம்பர் 2021

முதல் உறைபனி விழுந்ததும் இலையெல்லாம் ஒரே இரவில் கரிக்கட்டை நிறம். மஞ்சளாவது, சிவப்பாவது என்ற பேச்சே இல்லை, நேரே கறுப்பு. எனக்கு இது பிடிக்கும். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ‘முன்புறத்தில் இறந்துபோன புதரை’ பதினான்கு நாளில் அகற்றச் சொல்லி, படத்தோடு கடிதம் வந்திருக்கிறது. ‘புதர் இறக்கவில்லை, உறங்குகிறது’ என்று பதில் எழுதினேன். எழுதிய கையோடு கத்தரியை எடுத்துக்கொண்டு போனால், அதற்கே வேலை இல்லை. காற்றுக்குத் தண்டு தரைமட்டத்தில் ஒடிந்து, புதர் முழுசாக உருண்டு பக்கத்து வீட்டு டிரைவ்வேயில் கிடந்தது. காட்டிலும் இப்படித்தான் உருண்டு போய் விதையைச் சிதறுமாம். நான் சிதறியது பக்கத்து வீட்டுக்காரரின் பொறுமையை.

9 ஜனவரி 2022

விதை போடும் முறையை மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே தடவை சொல்லிவிடுகிறேன்.

முதலில் காயைப் பிளந்து பாருங்கள். பாதி விதையில் ஓட்டை இருக்கும். பாசிப்பயறு டப்பாவில் வண்டு வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. காய்க்குள்ளேயே வளர்கிற சின்னக் கூன்வண்டின் வேலை. போன வருடத்துக்கு முந்தின வருடக் காய் ஒன்றில் பதினெட்டு விதை எண்ணினேன், ஆறுதான் முழுசு. நல்ல விதையின் தோல் கல் மாதிரி இருக்கும், சும்மா மண்ணில் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டு உப்புத்தாளுக்கு நடுவில் வைத்து நாலு தேய்ப்பு தேய்த்து, சூடான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். உப்பிய விதையை மட்டும் விதையுங்கள். உப்பாததை மறுபடி தேய்க்கலாம்.

2014இல் நான் தேய்க்காமல் போட்ட இருபதில் ஒன்றுதான் முளைத்தது. தேய்த்துப் போட்ட இருபதில் பதினொன்று. அதில் ஏழு முளையை ஓடில்லா நத்தை ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டது. நின்றது நாலு. ஆழமான தொட்டியில் போடுங்கள், முளை இரண்டங்குலம் இருக்கும்போதே வேர் தொட்டியின் அடியைத் தொட்டுவிடும்.

28 மே 2022

சியாட்டில் பக்கத்திலிருந்து ஒருவர் படம் போட்டு, “என் பொய் அவுரி எட்டடி மரமாகிவிட்டது, ஐந்தடியிலேயே படுத்துக்கொள்ளும் என்றீர்களே” என்று சண்டைக்கு வந்திருக்கிறார். ஐயா, அது பாப்டீசியாவே இல்லை. அமோர்ஃபா ஃப்ரூட்டிகோசா. அதற்கும் ஆங்கிலத்தில் பொய் அவுரி என்றே பெயர். அது கட்டைச் செடி, தண்டு குளிரில் மடியாது. பூவைப் பாருங்கள், கருஊதாக் கதிரில் ஆரஞ்சு மகரந்தம் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பூவிலும் ஒரே ஓர் அல்லிதான், கொடியல்லி மட்டும். சிறகும் இல்லை, படகும் இல்லை. ‘உருவம் இல்லாதது’ என்று பெயர் வைத்தது அதனால்தான். உங்கள் வாஷிங்டன் மாநிலத்தில் அது அறிவிக்கப்பட்ட களை, கொலம்பியா ஆற்றங்கரையில் பரவியிருக்கிறது. விதை உதிர்வதற்குள் எடுத்துவிடுங்கள்.

ஆக, ‘ஃபால்ஸ் இண்டிகோ’ என்று கேட்டு வாங்காதீர்கள். பாப்டீசியா என்று கேளுங்கள். 2010இல் அமெரிக்கப் பல்லாண்டுச் செடிச் சங்கம் பாப்டீசியா ஆஸ்ட்ராலிஸை அந்த ஆண்டின் செடியாக அறிவித்தது. பெயரைச் சொன்னால் எந்த நர்சரியிலும் தெரியும். வெள்ளை வேண்டுமானால் ஆல்பா, மஞ்சள் வேண்டுமானால் ஸ்ஃபேரோகார்ப்பா. சாம்பல் ஊதா வேண்டுமானால் ‘பர்ப்பிள் ஸ்மோக்’. அது எங்கள் சாப்பல் ஹில்லில் வட கரோலினா தாவரவியல் தோட்டத்தில், ஆஸ்ட்ராலிஸும் ஆல்பாவும் தானாகக் கலந்து முளைத்த கன்று. உள்ளூர்ப் பிள்ளை என்பதால் கொஞ்சம் பெருமை.

8 அக்டோபர் 2022

என் அம்மா மே மாதம் வந்தார், அடுத்த வாரம் கிளம்புகிறார். திண்டிவனம் பக்கத்துக் கிராமம், அவுரி விளைகிற பூமி. ஊர்க்கோடியில் இடிந்த அவுரித் தொட்டி ஒன்று உண்டு, சின்ன வயதில் அதற்குள்தான் ஒளிந்து விளையாடியதாகச் சொல்வார். வந்த முதல் நாளே செடி முன்னால் நின்று ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து, “அவுரின்னு யாருடா சொன்னது? இலை மூணு மூணா இருக்கு” என்றார். நான் வலையில் தேடி ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டது.

இந்த வருடம் கத்தரிக்காமல் விட்டதால் காய் நிறைய. ஆகஸ்டிலேயே கறுத்துவிட்டன. இரண்டங்குல நீளம், ஊதின பலூன் மாதிரி உப்பல், நுனியில் முள் போல ஒரு மூக்கு. ஒரு கொத்தை ஒடித்து என் மகள் காதருகே ஆட்டிவிட்டு அம்மா சொன்னார், “இது கிலுகிலுப்பைடா.” வயல் வரப்பில் மஞ்சள் பூவோடு நிற்குமே, அந்தக் கிலுகிலுப்பைக் காயை ஆட்டித்தான் எங்களையெல்லாம் அழுகை நிறுத்தினாராம். இங்கேயும் பழைய ஆட்கள் இதைக் கிலுகிலுப்பைச் செடி என்ற பொருளில்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், காய்ந்த காயைக் கைக்குழந்தைக்கு விளையாடக் கொடுத்தார்களாம். (நீங்கள் கொடுக்காதீர்கள், குழந்தை வாயில் வைக்கும்.) கிலுகிலுப்பையும் அதே பயறுக் குடும்பம்தான்.

இனிமேல் வீட்டில் இதற்குப் பொய் அவுரி என்ற பேர் கிடையாது. அமெரிக்கக் கிலுகிலுப்பை.

9 அக்டோபர் 2022

விளாத்திகுளத்துக்காரர் ஒருவர், “எங்கள் ஊர் அவுரியில் மஞ்சள் பூ, நீலச் சாயமே கிடையாது, நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?” என்கிறார். அவர் சொல்வதும் சரி. தூத்துக்குடிப் பக்கம் அவுரி என்றால் ஏற்றுமதிக்குப் போகிற பேதி மருந்து இலை, சென்னா. எங்கள் பக்கம் அவுரி என்றால் சாய அவுரி. போதாக்குறைக்கு நம் கொழுஞ்சியை ஆங்கிலத்தில் ‘வைல்ட் இண்டிகோ’ என்கிறார்கள், பாப்டீசியாவையும் ‘வைல்ட் இண்டிகோ’ என்கிறார்கள். சாய அவுரிப் பொடி என்று நினைத்துச் சென்னாப் பொடியைத் தலையில் அப்பிக்கொண்டால் ஒரு நிறமும் வராது. மாற்றிக் குடித்தால் என்ன வரும் என்று விளாத்திகுளத்துக்காரரே சொல்லட்டும்.

19 பிப்ரவரி 2023

கெட்ட செய்தி. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுநீர்க் குழாய் விரிசல். தோண்டியே ஆகவேண்டும் என்கிறார் பிளம்பர். கோடு கிழித்துக் காட்டினார், என் ஒன்பது வயதுச் செடியின் காலடியில் போகிறது. வியாழக்கிழமை இயந்திரம் வருகிறது.

இடம் மாற்ற முடியாது என்று இதே பக்கத்தில் 2021இல் எழுதினவன் நான்தான். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

22 பிப்ரவரி 2023

தோண்டிவிட்டேன். முதுகு ஒடிந்துவிட்டது.

மண்வெட்டி அரை மணி நேரத்திலேயே தோற்றது. அப்புறம் கடைக்குப் போய்க் கடப்பாரை வாங்கினேன். இங்கே அதற்கு டிக்கிங் பார் என்று பெயர், பதினேழு பவுண்டு, நம் ஊர்க் கடப்பாரையேதான். சுற்றிலும் இரண்டடி விட்டுக் குழி எடுத்தேன். ஒரு வேர் என் மணிக்கட்டு தடிமன், வெளியே கறுப்பு, வெட்டின இடத்தில் வெளிர்மஞ்சள், மரக்கட்டை போலக் கெட்டி. இரண்டரை அடி ஆழத்திலும் மெலியாமல் கீழே போய்க்கொண்டே இருந்தது. சல்லிவேர்களில் கடுகு மாதிரி வேர்முடிச்சுகள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் நசுக்கினேன், உள்ளே இளஞ்சிவப்பு. வேலை பார்க்கிற முடிச்சு என்று அர்த்தம்.

இரண்டரை அடியில் ரம்பத்தை வைத்து அறுத்தேன். மேல்துண்டை இரண்டு ஆள் சேர்ந்து தார்ப்பாயில் இழுத்துப்போய்ப் பின்வேலியோரம் நட்டோம். பிழைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. அறுத்த கையோடு தலை முழுகிவிட்டு வந்தேன் என்றால் சிரிக்காதீர்கள்.

14 மே 2023

பின்வேலிச் செடியில் மூன்றே குருத்து. முழங்கால் உயரம். பூ இல்லை. உயிர் இருக்கிறது.

மாரிஸ்வில் தம்பியின் செடி பூத்துவிட்டதாம்! 2021இல் வைத்தது, மூன்றாவது வசந்தம். ஐந்து கதிர் படம் போட்டிருக்கிறார். என் முதல் வருடம் இரண்டுதான். பொறாமையில் எழுதுகிறேன்.

2 டிசம்பர் 2023

அமெரிக்க வேளாண் துறை போன மாதம் குளிர் மண்டல வரைபடத்தை (எண் ஏற ஏறக் குளிர் குறைவு) புதுப்பித்திருக்கிறது. எங்கள் பகுதி 7பி-யிலிருந்து 8ஏ-வுக்கு ஏறிவிட்டது. பாப்டீசியாவுக்கு இது செய்தியே இல்லை, 3 முதல் 9 வரை எல்லா மண்டலமும் அதற்குச் சொந்த வீடு. என் கறிவேப்பிலைத் தொட்டிக்குத்தான் ஏதாவது சலுகை உண்டா என்று பார்த்தேன். இல்லை. இந்தக் குளிருக்கும் அது விருந்தினர் அறையில்தான், விருந்தினர் சோபாவில்.

11 ஏப்ரல் 2024

நான் 2021இல் எழுதியதை அடித்துவிடுங்கள். இடம் மாற்றலாம். பின்வேலியில் ஒன்பது குருத்து எண்ணினேன்.

அது பாதிக் கதைதான். இன்று குப்பைத்தொட்டி தள்ளும்போது குழாய்க்குழி ஓரத்தில், இயந்திரம் மண்ணை மூடிவிட்டுப்போன இடத்தில், ஊதா நிறத்தில் இரண்டு விரல். முதலில் களை என்று நினைத்துக் காலால் தட்டப்போனேன். குனிந்து பார்த்தால் அதேதான். தண்டடியில் மொட்டோடு ஒரு துண்டு மண்ணில் தங்கியிருக்க வேண்டும். ஒரு வருடம் அடியிலேயே கிடந்துவிட்டு இப்போது எட்டிப்பார்க்கிறது.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். “கிலுகிலுப்பையை என்ன பண்ணாலும் போகாது, உங்க அப்பா ஏர் ஓட்டியே பாத்தாரு” என்று பதில்.

3 மே 2025

பின்வேலியில் பதினான்கு கதிர். குழாய் ஓரத்தில் நாலு. ஆக, அறுத்ததில் ஒன்று இரண்டாகிவிட்டது. ஆனால் இதை நம்பி எல்லாரும் அறுக்கக் கிளம்பாதீர்கள், பூ இல்லாமல் ஒரு வருடம் போயிற்று, அடுத்த வருடம் வந்தது ஒரே கதிர்.

மாரிஸ்வில் தம்பி தனிமடல் போட்டிருக்கிறார். வேலை டாலஸுக்கு மாறுகிறதாம், வீட்டை விற்கிறார்களாம். “இப்போதுதான் நன்றாகப் பூக்கிறது, விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, தோண்டி எடுத்துக்கொண்டு போகலாமா அண்ணா?”

தம்பி, பூவோடு நிற்கிறதைத் தோண்டாதீர்கள். ஆகஸ்டுக்குள் காய் கறுத்துவிடும், பத்துக் காய் பறித்து வண்டு வைக்காத விதையாகப் பொறுக்கிக் கொண்டுபோங்கள். அங்கே ஜெனிஸ்டா புழு இங்கேயைவிட அதிகம், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, செடியேதான் வேண்டும் என்றால் இலை கறுத்து ஒடியும்வரை வீட்டுச்சாவியைக் கையில் வைத்திருக்க முடியுமா பாருங்கள், வாங்குகிறவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். நாலு வயதுச் செடி, ஒன்றரை அடி ஆழம் போனால் போதும்.

கடப்பாரை என் கராஜில்தான் சாத்தியிருக்கிறது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.